முடிந்தது என்பது எது? – வாசகர் கேள்வி பதில்

மென்பொருள் வேலையில் இருப்பவர்களிடமிருந்தும் அவர்களைப் பெற்றவர்களிடமிருந்தும் இந்த மாதம் வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே சொல்லைச் சுற்றியே இருந்தன. ‘முடிந்தது’ என்ற அந்தச் சொல்லை அலுவலகத்தில் நாளுக்குப் பத்து முறை சொல்கிறோம். சொல்பவர் ஒன்றை நினைத்துச் சொல்ல, கேட்பவர் வேறொன்றாக எடுத்துக்கொள்கிறார். பெயரை வெளியிட வேண்டாம் என்று பலரும் கேட்டிருப்பதால், ஊரை மட்டும் குறித்து, கேள்விகளைச் சற்றுச் சுருக்கித் தந்திருக்கிறேன். திருநெல்வேலியில் இருந்துகொண்டு வேலை முடிவதைப் பற்றி எழுதினால் அல்வாப் பதம் வந்தே தீரும் என்று நண்பர் ஒருவர் பந்தயம் கட்டியிருந்தார். இந்த வாக்கியத்தோடு அவர் வென்றுவிட்டார். இனி அல்வா வராது.

பாளையங்கோட்டை வாசகி: வேலையைச் சிறு சிறு சுற்றுகளாகப் பிரித்துச் செய்யும் ‘அஜைல்’ முறையைப் பின்பற்றும் எட்டுப் பேர் கொண்ட குழுவில் டெவலப்பராக இருக்கிறேன். எங்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரிண்ட், அதாவது ஒரு வேலைச் சுற்று. கோட் (நிரல்) எழுதி, என் கணினியில் ஓட்டிப் பார்த்து, சரியாக இருந்தால் வேலைப் பலகையில் அந்த வேலைக்குரிய கார்டை ‘டன்’ (முடிந்தது) பத்திக்கு நகர்த்துகிறேன். சோதனை செய்யும் டெஸ்டர் அதை எடுத்துத் திரும்பப் பழைய பத்தியில் வைத்துவிடுகிறார். ஒவ்வொரு ஸ்பிரிண்டிலும் இதே தகராறு. நான் முடித்துவிட்டேன் என்று சொல்வது பொய்யா?

பொய் இல்லை. உங்கள் பங்கு முடிந்தது என்ற பொருளில் நீங்கள் சொல்கிறீர்கள். அந்த வசதி பயனருடைய கைக்குப் போகலாமா என்ற பொருளில் டெஸ்டர் கேட்கிறார். இருவரும் உண்மையே பேசுகிறீர்கள். ஆனால் பலகையில் இருக்கும் ‘டன்’ பத்தி உங்களுக்கும் உரியதன்று, டெஸ்டருக்கும் உரியதன்று. அது கார்டுக்கு உரியது. கார்டின் கண்ணோட்டத்தில் பார்த்தால், இன்னும் ஒருவர் அதைத் தொட வேண்டியிருக்கிறது என்றால் அது முடியவில்லை.

அஜைல் முறையை வகுத்தவர்கள் இந்தச் சிக்கலை அறியாதவர்கள் அல்லர். 2001ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்னும் மலைவாசத் தலத்தில் 17 பேர் கூடி அஜைல் அறிக்கையை எழுதினார்கள். அதனோடு சேர்ந்த 12 கோட்பாடுகளில் ஒன்று, முன்னேற்றத்தை அளக்கும் முதன்மையான அளவுகோல் ஓடுகின்ற மென்பொருளே என்கிறது. ஓடுகின்ற மென்பொருள் என்றால் யாருடைய கணினியில் ஓடுவது என்று அடுத்த கேள்வி எழுமல்லவா? அதற்கு விடை சொல்வதற்காகத்தான் அஜைல் வழியில் வேலை செய்யும் முறைகளில் ஒன்றான ஸ்க்ரமில் ‘டெஃபினிஷன் ஆஃப் டன்’ என்ற ஒன்றை வைத்திருக்கிறார்கள். தமிழில் அதை ‘முடிவின் இலக்கணம்’ என்று சொல்லலாம். கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லாண்டும் 1995இல் ஸ்க்ரம் முறையை ஒரு மாநாட்டில் முன்வைத்தார்கள். 2010இல் அதற்கு ஒரு கையேட்டை வெளியிட்டார்கள். அந்தக் கையேட்டின் 2020ஆம் ஆண்டுப் பதிப்பு இதில் மிகவும் கறாராக இருக்கிறது. இந்த இலக்கணத்துக்கு ஒரு வேலை பொருந்தவில்லை என்றால் அதை வெளியிடக் கூடாது. ஸ்பிரிண்ட் முடிவில் நடக்கும் ரிவ்யூவில் காட்டவும் கூடாது. அது மறுபடியும், செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலான பேக்லாகுக்கே போக வேண்டும். பொருந்திய அந்தக் கணத்திலேயே அது பயன்படத்தக்க ஒரு பொருளாகிவிடுகிறது.

இதை நான் கையேட்டைப் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், தாமிரபரணிக் கரையில் உள்ள ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கு ரசீது போடும் மென்பொருள் எழுதிக் கொடுத்த சிறு குழுவில் நான் இருந்தேன். உறுப்பினர் பெயருக்கு 40 பைட் (கணினியில் சேமிப்பை அளக்கும் அலகு) இடம் ஒதுக்கியிருந்தேன். ‘ரவி’, ‘மாலா’ என்று பெயர் கொடுத்துச் சோதித்தேன். எல்லாம் சரியாக வந்தது. முடிந்தது என்று சொல்லிவிட்டேன். நெல்லையில் காந்திமதிநாதன் என்ற பெயர் தெருவுக்கு ஒருவருக்காவது இருக்கும் என்பதை இந்த ஊரில் பிறந்து வளர்ந்த நான் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். அந்தப் பெயர் கண்ணுக்கு எட்டு எழுத்துதான். ஆனால் உலக மொழிகளின் எழுத்துகளுக்குக் கணினியில் எண் கொடுக்கும் யூனிகோட் முறையில் காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் அது 14 குறியீடுகள் ஆகிறது. அவற்றைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட் வேண்டும் என்பதால் மொத்தம் 42 பைட். அதே பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் 17 பைட்டில் அடங்கிவிடும். ஆக, 40 பைட்டோடு வெட்டுப்பட்டு, கடைசி எழுத்தின் மேல் இருக்க வேண்டிய புள்ளி போய், அந்த இடத்தில் ஒரு கட்டம் அச்சானது. ரசீதோடு போயிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள். அந்தப் பட்டியலே வங்கிக்கும் போனதால், பெயர் பொருந்தவில்லை என்று சிலருடைய வட்டிப் பணம் நின்றுவிட்டது. பெரியவர் ஒருவர் ரசீதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து, “எம் பேர்ல இருந்த புள்ளிய எங்கடே தொலைச்சிய?” என்று கேட்டார். நான் முடித்துவிட்டதாகச் சொன்ன வேலை அன்றைக்குத்தான் தொடங்கியது.

எனவே டெஸ்டரை எதிராளியாக நினைக்காதீர்கள். அடுத்த ஸ்பிரிண்ட் தொடங்குவதற்கு முன், குழு முழுவதும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, எவையெல்லாம் நடந்தால் கார்டு அந்தப் பத்திக்குப் போகலாம் என்று எழுதிக்கொள்ளுங்கள். எழுதிய கோட் முழுவதையும் வேறொருவர் படித்துப் பார்த்திருக்க வேண்டும். அது, எல்லாருடைய கோடும் ஒன்றுசேரும் முதன்மைக் கிளையில் மெர்ஜ் ஆகியிருக்க (இணைந்திருக்க) வேண்டும். தானியங்கிச் சோதனைகள் எல்லாம் தேறியிருக்க வேண்டும். பயனருக்குப் போகும் முன் ஒத்திகை பார்க்கும் ஸ்டேஜிங் சர்வரில் ஏற்றி, எழுதியவர் அல்லாத ஒருவர் பயன்படுத்திப் பார்த்திருக்க வேண்டும். இவ்வளவுதான் தொடக்கத்துக்கு. தமிழில் பெயரும் முகவரியும் வாங்கும் மென்பொருளாக இருந்தால், நீளமான தமிழ்ப் பெயரைப் பதிந்து, திரையில் மட்டுமல்லாமல் தாளிலும் பார்ப்பதைச் சேருங்கள். எழுதியதைப் பலகைக்குப் பக்கத்திலேயே ஒட்டிவையுங்கள். இன்னொன்று: உங்கள் பலகையில் ‘கோட் எழுதியாயிற்று’ என்று ஒரு பத்தியைப் புதிதாகச் சேர்த்துவிட்டால், உங்கள் பங்கு முடிந்ததைச் சொல்லவும் ஓர் இடம் கிடைக்கும். பாதித் தகராறு அதிலேயே தீர்ந்துவிடும்.

தென்காசி வாசகர்: நான் குழுத் தலைவர். ஸ்பிரிண்டின் கடைசி நாளில் பத்துக் கார்டுகளில் நான்குதான் முடிகின்றன. மற்ற ஆறும் தொண்ணூறு சதவீதத்தில் நிற்கின்றன. முடிந்த பங்குக்குத் தக்கபடி ஸ்டோரி பாயின்ட் (வேலையின் அளவுக்குக் கொடுக்கும் மதிப்பெண்) போட்டுக்கொள்ளலாமா? பூஜ்யம் போட்டால் குழுவின் உழைப்பை அவமதிப்பது போல இருக்கிறது.

பூஜ்யம்தான் போட வேண்டும். கசப்பாக இருக்கும் என்பது தெரியும். ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் வாகையடி முக்கில் நின்றுவிட்டால், தேரோட்டம் இத்தனை சதவீதம் முடிந்தது என்று இந்த ஊரில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? தேர் இன்னும் நிலைக்கு வரவில்லை என்றுதான் சொல்வார்கள். வடம் பிடித்தவர்களின் உழைப்பை அது குறைத்துச் சொல்வதாக யாரும் நினைப்பதில்லை. நடுத்தெருவில் நிற்கும் தேர் எவ்வளவு தூரம் வந்தது என்பதைவிட, அது நிற்கும்வரை அந்தத் தெருவில் வேறு எதுவும் நடக்காது என்பதே ஊருக்குப் பெரிய செய்தி. நிலைக்குப் போகாத கார்டும் அப்படித்தான் குழுவின் கவனத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

தொண்ணூறு சதவீதம் என்ற எண்ணைப் பற்றி மென்பொருள் உலகில் பழைய கிண்டல் ஒன்று உண்டு. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டாம் கார்கில் சொன்னதாக ஜான் பென்ட்லி 1985இல் எழுதியது அது: கோடின் முதல் தொண்ணூறு சதவீதம், திட்டமிட்ட காலத்தில் முதல் தொண்ணூறு சதவீதத்தை எடுத்துக்கொள்ளும், மிச்சமுள்ள பத்து சதவீதம் இன்னொரு தொண்ணூறு சதவீதத்தை எடுத்துக்கொள்ளும். கூட்டினால் 180 வருகிறதே என்று கேட்டால், திட்டங்கள் தாமதமாவதும் அதனால்தானே என்பது விடை. கடைசியில் மிச்சமிருப்பவை வழக்கமாகச் சோதனை, இணைப்பு, பிழை திருத்தம் போன்றவை. அவை எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது அவற்றில் இறங்கிப் பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றைப் பத்து சதவீதம் என்று எழுதுவது கணக்கு ஆகாது. விருப்பம் என்றுதான் சொல்ல வேண்டும்.

உழைப்பு வீணாகிறதே என்ற கவலை வேண்டாம். அந்தக் கார்டு அடுத்த ஸ்பிரிண்டில் முடியும்போது அதன் முழுப் பாயின்டும் அங்கே சேர்ந்துவிடும். நான்கைந்து ஸ்பிரிண்டுகளின் சராசரியைப் பார்த்தால் எதுவும் குறையாது. குழுவின் வெலாசிட்டி என்பது அடுத்த முறை எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்று தீர்மானிப்பதற்கான எண். அதில் அரைகுறையைச் சேர்த்தால், இல்லாத வேகத்தை நம்பி வாக்குக் கொடுத்துவிடுவீர்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு அதைவிடக் கவலையாகப் பட்டது, ஆறு கார்டுகளும் ஒரே சமயத்தில் ஒரே இடத்தில் நிற்பதுதான். ஆளுக்கு ஒன்றை எடுத்துத் தொடங்கிவிடுகிறீர்கள் என்று தெரிகிறது. 1961இல் ஜான் லிட்டில் என்பவர் நிரூபித்த ஓர் எளிய கணக்கு இருக்கிறது. வாரத்துக்கு ஐந்து கார்டு முடிக்கும் குழு, 20 கார்டுகளைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்தால், ஒரு கார்டு தொடங்கி முடியச் சராசரியாக நான்கு வாரம் ஆகும். முடிக்கும் வேகம் அதேதான் என்றாலும், திறந்திருப்பவை பத்தாகக் குறைந்தால் இரண்டு வாரம் போதும். ஆகவே கையில் இருப்பது நிலைக்குப் போகும்வரை புதிதாக ஒன்றைத் தொடாதீர்கள். டெவலப்பருக்குக் கை ஓய்ந்திருந்தால் டெஸ்டிங்குக்கு உதவட்டும். கார்டுகளையும் சிறிதாக வெட்டுங்கள். கடன் பதியும் மென்பொருள் ஒன்றை, இந்த ஸ்பிரிண்டில் டேட்டாபேஸ், அடுத்ததில் திரை, அதற்கடுத்ததில் அச்சு என்று வெட்டினால் மூன்று ஸ்பிரிண்ட் வரை யாருக்கும் எதுவும் கிடைக்காது. ஒரே ஒரு வகைக் கடனுக்கு மட்டும், பதிவதிலிருந்து தாள் வெளியே வருவது வரை என்று வெட்டினால் முதல் ஸ்பிரிண்டிலேயே ஒருவர் பயன்படுத்தத் தொடங்கிவிடுவார்.

சேரன்மகாதேவி வாசகர்: நான் விவசாயி. என் மகன் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் கம்பெனிக்கு வேலை பார்க்கிறான். வெள்ளிக்கிழமை மாலை எல்லாம் முடிந்துவிட்டது என்கிறான். சனிக்கிழமை காலையில் போன் வந்ததும் மறுபடியும் உட்காருகிறான். கேட்டால் அதே வேலைதான் என்கிறான். இது என்ன முடிவு என்று எனக்குப் புரியவில்லை.

ஐயா, உங்களுக்குப் புரிந்த அளவுக்கு அந்த அலுவலகத்திலேயே பலருக்குப் புரிந்திருக்காது என்று நினைக்கிறேன். பிசானப் பருவ நெல் அறுவடையை எடுத்துக்கொள்ளுங்கள். அறுவடை எந்திரம் வரப்பைத் தாண்டியதும் ஓட்டுநர் முடிந்தது என்று சொல்லி வாடகையை வாங்கிக்கொண்டு போய்விடுவார். அவரைப் பொறுத்தவரை உண்மைதான். களத்தில் தூற்றிப் பதர் நீக்கியவர்கள் முடிந்தது என்று சொல்லும்போது அதுவும் உண்மைதான். ஆனால் நெல் காய்ந்து, கொள்முதல் நிலையத்தில் எடை போட்டு, பணம் உங்கள் கணக்கில் ஏறும்வரை நீங்கள் மட்டும் முடிந்தது என்று சொல்ல மாட்டீர்கள். இரவில் இடி இடித்தால் தார்ப்பாயை எடுத்துக்கொண்டு ஓடுபவர் நீங்கள்தானே. உங்கள் மகனுடைய வேலையிலும் இப்படி எழுதுபவர், சோதிப்பவர், சர்வரில் ஏற்றுபவர் என்று பலர் இருக்கிறார்கள்; ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு முடிவு.

கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்கிறார்கள் அல்லவா? அந்த எண்ணால் நீங்கள் பட்ட பாட்டை நான் மறக்கவில்லை. ஆனாலும் அதில் ஓர் ஒழுங்கு இருப்பதைக் கவனியுங்கள். அறுப்பதற்கு முன்பே அது எல்லாருக்கும் தெரியும். காய்ந்துவிட்டது என்று நீங்கள் சொல்வதையும் காயவில்லை என்று அலுவலர் சொல்வதையும் விட்டுவிட்டு, ஒரு கருவி அதை அளந்து சொல்கிறது. யார் கொண்டுவந்த நெல்லாக இருந்தாலும் எண் ஒன்றுதான். மென்பொருள் குழுவும் தன் வேலைக்கு அப்படி ஓர் அளவை முன்கூட்டியே வைத்துக்கொள்ள வேண்டும். உங்கள் மகனுடைய குழுவில் அது இல்லாமல் இருக்கலாம். அல்லது எழுதி வைத்துவிட்டு வெள்ளிக்கிழமை அவசரத்தில் பார்க்காமல் விடுகிறார்களோ என்னவோ. சனிக்கிழமை வரும் எல்லா அழைப்புகளும் முடியாத வேலையால் வருபவை என்றும் சொல்லிவிட முடியாது. ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் திடீரென்று படுத்துவிட்டால் யாராவது எழுப்பித்தான் ஆக வேண்டும். உங்கள் மகனைக் கடிந்துகொள்ளாமல், “உங்க வேலைக்குப் பதினேழு சதவீதம் எதுப்பா?” என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அவருக்கு விடை தெரியவில்லை என்றால், அந்தக் கேள்வியைத் திங்கட்கிழமை கூட்டத்துக்கு எடுத்துப்போகச் சொல்லுங்கள்.

வள்ளியூர் வாசகர்: சொந்தமாகச் சிறிய மென்பொருள் நிறுவனம் நடத்துகிறேன். வாடிக்கையாளர் மாதக் கடைசிக்குள் வேண்டும் என்று நெருக்குகிறார். டெஸ்டிங்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று குழுவிடம் சொல்லிவிட்டேன். பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். தொழில் நடத்துபவனுக்கு இந்த அளவு நெகிழ்வுகூடக் கூடாதா?

நெகிழ்வு வேண்டும், அதை எந்தப் பக்கத்தில் காட்டுகிறீர்கள் என்பதுதான் கேள்வி. ஸ்பிரிண்ட் நடக்கும்போது எவ்வளவு செய்வது என்பதைப் பேசி மாற்றிக்கொள்ளலாம், ஆனால் தரம் குறையக் கூடாது என்பது ஸ்க்ரம் கையேட்டின் விதி. ஐந்து வசதிகளைச் சோதிக்காமல் கொடுப்பதற்குப் பதிலாக, அவருடைய மாதக் கடைசிக்கு உண்மையில் தேவைப்படும் மூன்றை முழுமையாகக் கொடுக்கிறேன் என்று பேசிப் பாருங்கள். எந்த மூன்று என்று கேட்டாலே பல வாடிக்கையாளர்கள் தணிந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். மாதக் கடைசிக்கு ஐந்தும் அவர்களுக்கு வேண்டியிருப்பதில்லை.

மேலே சேரன்மகாதேவி ஐயாவுக்குச் சொன்ன ஈரப்பதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மழை கெடுத்த ஆண்டுகளில் தமிழக அரசு மத்திய அரசிடம் தளர்வு கேட்பதும், சில முறை கிடைப்பதும் உண்டு. கிடைத்தால் அதை ஆணையாகப் போடுகிறார்கள். வாங்குபவருக்கும் விற்பவருக்கும் அரவை ஆலைக்கும் இது ஈரம் கூடிய நெல் என்பது தெரியும். மூட்டைக்கு நடுவில் ஈர நெல்லை வைத்து மேலே காய்ந்ததைப் பரப்பிக் கொண்டுபோவது வேறு கதை. உங்கள் குழு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பது தளர்வுக்காக என்று நான் நினைக்கவில்லை. வாடிக்கையாளரிடம் அந்தத் தளர்வைச் சொல்லாமல் ‘முடிந்தது’ என்று அனுப்பச் சொன்னதற்காக இருக்கும். எந்தச் சோதனை நடக்கவில்லை, அதை எந்தத் தேதிக்குள் முடிப்போம் என்று எழுதி, வாடிக்கையாளருக்கும் தெரிவித்து, பேக்லாகில் அதற்கு ஒரு கார்டும் போட்டுவிட்டால் அது கடன். வார்ட் கன்னிங்ஹாம் 1992இல் இந்தக் கடன் உவமையைச் சொன்னபோது, வாங்குவதைத் தவறு என்று சொல்லவில்லை. திருப்பிக் கட்டாமல் விடுவதில்தான் ஆபத்து, சரியாக அமையாத கோடில் செலவாகும் ஒவ்வொரு நிமிடமும் அந்தக் கடனுக்கு வட்டி என்றார். அரைகுறை வேலைக்குச் சப்பைக்கட்டாக அந்த உவமையைப் பயன்படுத்துபவர்கள் வட்டியைப் பற்றிய பகுதியை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

வட்டி எவ்வளவு ஏறும் என்பதற்கு உலகறிந்த கணக்கு ஒன்று இருக்கிறது. நைட் கேப்பிடல் என்ற அமெரிக்கப் பங்கு வணிக நிறுவனம் 2012இல் தன் மென்பொருளில் புதிய கோட் ஒன்றை ஏற்றியது. எட்டு சர்வர்களில் ஏழில் ஏற்றினார்கள், ஒன்று விடுபட்டுவிட்டது. எட்டிலும் ஏறியிருக்கிறதா என்று இரண்டாம் ஆள் ஒருவர் சரிபார்க்கும் வழக்கம் அங்கே இல்லை. விடுபட்ட சர்வரில், பல ஆண்டுகளாகப் பயன்படுத்தாமல் நீக்காமலும் விட்டிருந்த பழைய கோட் ஒன்று கிடந்தது. ஆகஸ்ட் 1ஆம் தேதி காலை சந்தை திறந்ததும் அது விழித்துக்கொண்டு கண்டபடி பங்குகளை வாங்கி விற்றது. ஏறத்தாழ 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கும் மேல் நட்டம். நிறுவனத்தால் அதன்பின் தனித்து நிற்க முடியவில்லை. கோட் எழுதியவரின் வேலை அங்கே முடிந்துதான் இருந்தது. எட்டாவது சர்வரைப் பார்ப்பது முடிவின் இலக்கணத்தில் இல்லை.

உங்கள் நிறுவனத்தில் அத்தனை கோடி புழங்காது என்பீர்கள். என்னுடைய கூட்டுறவுச் சங்கத்திலும் புழங்கவில்லை. ஒரு புள்ளிக்காக மூன்று மாதம் ஒவ்வொரு பெயராகத் திருத்திக்கொண்டிருந்தோம்.

சங்கரன்கோவில் மாணவி: ஏற்பு நிபந்தனைகள் எனப்படும் அக்செப்டன்ஸ் கிரைட்டீரியாவும் டெஃபினிஷன் ஆஃப் டன்னும் ஒன்றுதானா? நேர்முகத் தேர்வில் கேட்டார்கள், விழித்தேன்.

ஒன்றல்ல. ஏற்பு நிபந்தனை அந்தந்தக் கார்டுக்கு உரியது. பேருந்து முன்பதிவு மென்பொருளில், ரத்து செய்தவருக்கு இத்தனை மணி நேரத்துக்கு முன் என்றால் இவ்வளவு பணம் திரும்ப வர வேண்டும் என்பது ரத்து செய்யும் கார்டின் நிபந்தனை. இருக்கை தேர்ந்தெடுக்கும் கார்டுக்கு அது பொருந்தாது. முடிவின் இலக்கணம் எல்லாக் கார்டுகளுக்கும் பொது. ஒரு கார்டு முடிய இரண்டும் நிறைவேற வேண்டும். விழித்ததற்காக வருந்த வேண்டாம். பத்து ஆண்டு அனுபவம் உள்ளவர்களும் இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டுக் குழப்புகிறார்கள்.

கங்கைகொண்டான் வாசகர்: ஒரே மென்பொருளில் மூன்று குழுக்கள் வேலை செய்கிறோம். ஒவ்வொரு குழுவும் முடிவுக்கு ஒவ்வொரு பட்டியல் வைத்திருக்கிறது. இது சரியா?

சரியில்லை. ஒரே பொருளில் வேலை செய்யும் குழுக்கள் சேர்ந்து பேசி ஒரே இலக்கணத்தை வகுத்துக்கொண்டு அதையே பின்பற்ற வேண்டும் என்று கையேடு சொல்கிறது. நிறுவனத்துக்கென்று பொதுவான ஒன்று இருந்தால் அது எல்லாருக்கும் குறைந்தபட்ச அளவு; உங்கள் குழு அதற்கு மேல் கூட்டிக்கொள்ளலாம், குறைக்க முடியாது. மூன்று குழுக்களும் முடித்தவற்றை ஒன்றாகச் சேர்த்து ஓட்டிப் பார்ப்பதும் அந்த இலக்கணத்துக்குள் வந்துவிட வேண்டும். இல்லையென்றால் மூவரும் முடித்த பிறகு, யாருடையதும் அல்லாத ஒரு வேலை நடுவில் கிடக்கும்.

திருநெல்வேலி டவுன் வாசகர்: நீங்கள் சொல்லும் பட்டியல் எங்களிடம் இருக்கிறது, 43 வரிகள். யாரும் படிப்பதில்லை. எல்லாவற்றுக்கும் டிக் போட்டுவிட்டு அடுத்த கார்டுக்குப் போய்விடுகிறார்கள். பட்டியலே பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கிறது என்று தோன்றுகிறது.

இந்த மாதம் வந்த கடிதங்களில் எனக்குப் பிடித்தது இதுதான். பட்டியலைப் புகழ்ந்து இவ்வளவு எழுதிய பிறகு, அது கெட்டுப்போகும் விதத்தையும் சொல்லத்தான் வேண்டும். வழக்கமாக நடப்பது இதுதான்: ஒவ்வொரு முறை பிழை வெளியே போய்த் திட்டு வாங்கும்போதும் பட்டியலில் ஒரு வரி சேரும், வரியை நீக்குவதற்கு மட்டும் யாருக்கும் துணிவு வராது. நீக்கிய மறுநாள் ஏதாவது நடந்துவிட்டால் பழி நீக்கியவர் மேல் விழுமே என்ற அச்சம். அஜைல் கோட்பாடுகளில் எளிமையைப் பற்றிய ஒன்று, செய்யாமல் விடும் வேலையைப் பெருக்கும் கலை என்று அதற்கு விளக்கம் சொல்கிறது. பட்டியலுக்கும் அது பொருந்தும்.

43 வரிகளையும் ஸ்பிரிண்ட் முடிவில், நடந்ததைத் திரும்பிப் பார்க்கும் ரெட்ராஸ்பெக்டிவ் கூட்டத்தில் விரித்து வையுங்கள். கருவியால் பார்க்கக்கூடிய வரிகளை முதலில் பிரித்தெடுங்கள்: சோதனைகள் தேறினவா, கோடின் நடை விதிப்படி இருக்கிறதா, பாதுகாப்பு ஓட்டை தெரிந்த பழைய லைப்ரரி (பிறர் எழுதிய தயார்க் கோட்) ஏதாவது உள்ளே இருக்கிறதா என்பவற்றையெல்லாம் மெர்ஜ் செய்யும் இடத்திலேயே தானாகப் பார்க்கும்படி அமைத்துவிடலாம்; தேறவில்லை என்றால் மெர்ஜ் ஆகாது. அவற்றுக்கு மனிதர் டிக் போட வேண்டியதே இல்லை. மீதியுள்ள ஒவ்வொரு வரியையும் படித்து, இது எந்த விபத்தால் வந்தது என்று கேளுங்கள். யாருக்காவது நினைவிருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கும் நினைவில்லை என்றால் ஒரு மாதம் எடுத்துவிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் எதுவும் நடக்காது. இப்படிக் கழித்தால் ஏழெட்டு வரிக்கு மேல் நிற்காது என்பது என் அனுபவம். அந்த ஏழெட்டுக்கும் டிக் போடுபவர் பெயர் தெரியட்டும்; கோட் எழுதியவரே போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குழுவின் பட்டியல் இப்போது ஒன்பது வரி. அதில் ஒன்று, ‘காந்திமதிநாதன் என்ற பெயரைப் பதிந்து ரசீது அச்சிட்டுப் பார்க்கவும்’ என்பது. புதிதாகச் சேரும் பிள்ளைகள் இந்த ஆள் யார் என்று கேட்கிறார்கள்; புள்ளி தொலைந்த கதையைச் சொல்கிறோம். இதையும் தானியங்கிச் சோதனையாக எழுதிவிடலாமே என்று அண்மையில் ஒரு பெண் கேட்டார். பெயர் வெட்டுப்படாமல் பதிவாகிறதா என்பதற்குச் சோதனை எழுதிச் சேர்த்துவிட்டார். தாளில் அந்தப் புள்ளி விழுகிறதா என்பதை மட்டும், பிரிண்டருக்குப் பக்கத்தில் நின்று இன்னும் கண்ணால்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.